கார்டில் மூன்று தலை

ரத்தத்தைச் சோதித்து, இந்தப் பயம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று சொல்கிற மெஷின் குன்னூர் ஆஸ்பத்திரிக்கு வந்த வருஷம்தான் என் மகள் வாசலை விட்டு நகராமல் ஆனாள். இரண்டாயிரத்து நாற்பத்தொன்று. அவளுக்கு இருபத்தாறு வயது, எனக்கு அறுபத்தொன்று.

பெயர் யோகமலர், வீட்டில் மலர். லேப் டெக்னீஷியன் படித்தவள். மூன்று இடத்தில் வேலை கிடைத்தது, மூன்றிலும் நிலைக்கவில்லை. கடைசியாகக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். பாதி வழியில், பர்லியாரில் இறங்கிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறி நடந்தே திரும்பி வந்துவிட்டாள். "மூச்சு வரலப்பா" என்றாள்.

அப்புறம் இப்படி ஆயிற்று. காலையில் ஏழரைக்கு நான் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவேன். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிற வேலை, என் வயசுக்காரன் செய்யக் கூடாத வேலை. நான் கிளம்பும்போது அவள் லயத்து வரிசை வீட்டின் வாசல்படியில் வந்து நிற்பாள். நாலரைக்குத் திரும்பி வரும்போதும் அதே படியில் நிற்பாள். நடுவில் உட்கார்ந்திருக்க மாட்டாள், தண்ணீர் குடித்திருக்க மாட்டாள். கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழும். இப்படியே எட்டு மாசம்.

ஒருநாள் கேட்டேன், "ஏம்மா, நான் எங்க போயிடப்போறேன்?"

"நீ வரமாட்டேன்னு எனக்குத் தெரியும்ப்பா. ஆனா வந்துடுற. தினமும் ஆச்சரியமா இருக்கு."

கிண்டலாகச் சொல்லவில்லை. அவளுடைய அம்மா, இவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே நெஞ்சுச்சளியில் போய்விட்டாள். வீட்டில் நானும் இவளும்தான். நான் ஒருநாள் நிஜமாகவே வராமல் போவேன். அதற்குப் பிறகு இந்தப் பிள்ளை அந்தப் படியில் எத்தனை நாள் நிற்கும்?

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹெப்சிபா என்று ஒருவர். சின்ன வயசு, ஆனால் பொறுமை. ரத்தம் எடுக்கும் முன்னால் அரை நாள் எங்கள் குடும்பக் கதையைத்தான் கேட்டார்.

"ரத்தத்துல பயம் எப்படி டாக்டரம்மா இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஐயா, நீங்க தேயிலைக்கு விதை போடுறதில்லையே, தண்டு வெட்டித்தானே நடுறீங்க? தண்ணி காணாம வாடின செடியில தண்டு வெட்டினா என்ன ஆகும்?"

"அது மழையிலயும் இலையைச் சுருட்டிக்கிட்டுத்தான் நிக்கும். ரெண்டு மூணு வருஷம் பழக்கணும்."

"அதேதான். பெரிய அதிர்ச்சி ஒருத்தர் மேல விழுந்தா உடம்புல ஒரு தடம் விழுந்துடும். சில தடம் பிள்ளைக்கும் போகும், தாய்ப்பால் வழியாக்கூடப் போகும். முன்னெல்லாம் 'அம்மாவுக்கு இருந்துச்சு, மகளுக்கும் இருக்கு'ன்னு வாயாலதான் சொல்லுவோம். இந்த மெஷின், தடம் முதல்ல யார் மேல விழுந்துச்சு, எந்த வயசுல விழுந்துச்சுன்னு சொல்லிடும்."

"அப்ப மெஷினே வேண்டாம். நானே சொல்லிடுறேன். எங்கம்மாகிட்டருந்து வந்தது."

சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். என் அம்மா பெருமாயி சிலோனிலிருந்து கடைசிக் கப்பல்களில் ஒன்றில் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவள். எம்பத்து நாலாம் வருஷம். வந்த பிறகு முப்பது முப்பத்தைந்து வருஷம், வேலை விட்டதும் எஸ்டேட் பஸ் திரும்புகிற வளைவில் போய் நிற்பாள். கடைசி பஸ்ஸில் இறங்குகிறவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். யாருக்காக என்று கேட்டால் "வர வேண்டியவங்க இருக்காங்க" என்பாள். அக்கரையில் விட்டுவந்த அவளுடைய தம்பியாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். நானும் கூடப் போய் நின்றிருக்கிறேன். எனக்கும் அந்த நேரத்தில் நெஞ்சில் ஒன்று இழுக்கும். அம்மாவின் ஏக்கம் எனக்குள் இறங்கியிருக்கிறது என்று எண்ணிக்கொள்வேன்.

"அம்மா இருக்காங்களா?"

"செத்து எட்டு வருஷம் ஆச்சு."

"அவங்க நகம், முடி ஏதாவது?"

இருந்தது. உதிர்ந்த முடியைச் சேர்த்து அவளே கட்டி வைத்திருந்த சவுரி ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அடியில் சிலோனிலிருந்து வந்த குடும்பக் கார்டும் இருந்தது. இரண்டையும் மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். கார்டில் அப்பா (இந்த மலைக்கு வந்த மறுவருஷமே போய்விட்டார்), அம்மா, மகன் சன்னாசி என்று மூன்று பேர். சன்னாசி நான். வயது ஒன்பது என்று போட்டிருந்தது.

டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். "நீங்க வரும்போது நாலு வயசுதானே?"

"எங்க ஆளுங்க எல்லாருக்கும் கார்டுல வயசு தப்புத்தான் டாக்டரம்மா. எங்க சித்தப்பாவுக்கு அவங்க அப்பாவை விட ரெண்டு வயசு கூட."

சிரித்தார். எனக்கு நாற்பத்தேழு வயதில்தான் எழுத்துத் தெரிந்தது, மலர்தான் சொல்லிக்கொடுத்தாள். முதல் முதலில் அந்தக் கார்டைத்தான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். அந்த ஒன்பதைப் பார்த்து அன்றைக்கு நானும் மலரும் சேர்ந்து சிரித்தோம்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். மலரை வெளியில் உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே அழைத்தார். கதவு திறந்தே இருக்க வேண்டும், என் முதுகு அவளுக்குத் தெரிய வேண்டும்.

"ஐயா, மலருக்கு இருக்கிற தடம் உங்ககிட்டருந்து வந்தது."

"அதான் சொன்னேனே."

"ஆனா உங்களுக்கு அது யார்கிட்டருந்தும் வரல. உங்க மேலயே விழுந்திருக்கு. நாலு வயசுல. பெத்தவங்களை விட்டுப் பிரிஞ்ச பிள்ளைங்களுக்கு விழுற தடம் அது."

"நான் பிரியவே இல்லையே. எங்கம்மா சாகுற வரைக்கும் என் வீட்டுலதான் இருந்தாங்க."

டாக்டர் மேஜை மேல் இருந்த சவுரியை என் பக்கம் நகர்த்தினார். மெதுவாக நகர்த்தினார்.

"இந்த முடிக்கு உரியவங்க உங்களைப் பெத்தவங்க இல்ல ஐயா. அவங்ககிட்டயும் ஒரு தடம் இருக்கு. பிள்ளையைப் பறிகொடுத்த தடம்."

நான் சத்தம் போட்டிருக்கிறேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மலர் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டதுதான் நினைவிருக்கிறது.

அந்தக் கப்பலில் வந்தவர்களில் மிச்சம் இருக்கிறவர் செபஸ்தியான் மாமா ஒருத்தர்தான். எங்கள் லயத்துக்கு மேல் வரிசை. எண்பத்து மூணு வயது. வெயிலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கொய்யாப்பழத்தைக் கத்தியால் சீவிச் சீவித் தின்றுகொண்டிருந்தார். பல் இல்லை.

"மாமா, நான் யாரு?"

"என்னடா, காலையிலேயே போட்டுட்டு வந்துட்டியா?"

"மெஷின் சொல்லிடுச்சு மாமா. பெருமாயி என்னைப் பெக்கல."

கத்தி நின்றது. சீவின கொய்யாவை அப்படியே தட்டில் வைத்தார்.

"நான் செத்தப்புறம் வந்து கேட்டிருக்கலாம்லடா. உங்கம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"அவங்களும் செத்துட்டாங்க. சத்தியம் யாருகிட்ட இருக்கு?"

மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார். கலவரத்தில் அவர்கள் லயம் எரிந்துபோயிற்று. திரும்பிப் போக இடமில்லை. இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற கப்பலுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். தேதிக்குப் பதினொரு நாள் முன்னால் பெருமாயியின் மகன், ஒன்பது வயசு சன்னாசி, காய்ச்சலில் செத்துப்போனான்.

"கார்டுல மூணு தலைன்னா துறையில மூணு தலை நிக்கணும். அதிகாரி விரலை நீட்டி எண்ணுவான். ஒண்ணு குறைஞ்சா, போய்க் கார்டைத் திருத்திட்டு வான்னு திருப்பிடுவான்னு எல்லாருக்கும் பயம். திருப்புவானோ மாட்டானோ, யாரு கேட்டுப் பார்த்தா? எங்களுக்கு அவன்கிட்ட வாய் திறக்கவே தெரியாது. பக்கத்து வரிசையில ஒருத்தி. இடுப்புல கைக்குழந்தை, கையில நீ. அவ கார்டுல ஏதோ ஒரு சீல் இல்லைன்னு அடுத்த வாரம் வரச் சொல்லிட்டான். அவளே வந்து கேட்டா. 'அக்கா, உங்க கார்டுல ஒரு பையன் இருக்கானாமே, இவனையாவது ஏத்திக்கிட்டுப் போங்க. இங்க வச்சுக்கப் பயமா இருக்கு. அடுத்த கப்பல்ல வந்து வாங்கிக்கிறேன்'னா."

"பேரு?"

"கேக்கலடா. மஸ்கெலியாப் பக்கம்னு மட்டும் சொன்னா. அடுத்த வாரம் வரப்போறவகிட்ட பேரு எதுக்கு?"

கத்தியை வேட்டி முனையில் துடைத்தார்.

"நீ அழல. அதான் பெருமாயிக்குப் பொறுக்கல. பெத்தவ கையை விட்டதும் நேரா நின்னு அவளையே பார்த்துக்கிட்டு இருந்தே. இக்கரையில எங்களை வச்சிருந்த மண்டபம் கேம்ப்லருந்து, அடுத்த கப்பல் வர்ற அன்னைக்கு உன்னைக் குளிப்பாட்டி, சட்டை போட்டுத் துறைக்குத் தூக்கிக்கிட்டுப் போனா பெருமாயி. அவ வரல. அதுக்கு அடுத்ததுலயும் வரல. அப்புறம் கப்பலே நின்னு போச்சு. எங்களை இந்த மலைக்கு அனுப்பிட்டாங்க. அவ எப்படியாவது விசாரிச்சுக்கிட்டு வந்துடுவான்னு பெருமாயி தினம் பஸ்ஸைப் பார்த்தா."

"என்னைத் திருப்பிக் குடுக்கவா நின்னாங்க?"

"அவ வரணும்னும் நின்னா. வந்துடக் கூடாதுன்னும் நின்னா. எங்கிட்டயே சொல்லியிருக்கா, 'அண்ணே, பஸ்ல யாரும் இல்லைன்னா நிம்மதியா இருக்கு, வீட்டுக்கு வந்தா அழுகையா வருது'ன்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போய் வாசல்லயே நிப்பேன்னு பயந்தா."

கொய்யா வெயிலில் நிறம் மாறிக் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை.

அதற்கு அப்புறம் வந்த நாட்களைப் பற்றி அப்போதே ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். மனசிலிருந்து இப்போது எழுத முடியாது.

அறுபத்தொரு வயசில் எனக்கு ஏங்குவதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தாள். முகம் இல்லை, பெயர் இல்லை. ஒரு கை மட்டும் இருந்தது. வியர்த்த உள்ளங்கை, சுண்டு விரலில் ஒரு வெட்டுக்காயம். அது நிஜமா, நானாக உண்டாக்கிக்கொண்டதா தெரியவில்லை. எங்கே ஈரச்சாக்கு வாசனை வந்தாலும் அந்த இடத்தை விட்டு விலகிவிடுவேன், சின்ன வயசிலிருந்தே. அது அந்தத் துறையின் வாசனை என்று இப்போதுதான் தோன்றியது. கவ்வாத்து வெட்டும்போது நேரத்தைப் பார்ப்பேன். பத்து மணி. சிலோனிலும் பத்து மணிதான். கொழுந்துக் கூடையை நிறுத்துப் போட்டுவிட்டு டீத்தண்ணி குடிக்கிற நேரம். அவள் உயிரோடு இருந்தால் எண்பது வயது இருக்கும், கொழுந்து எடுக்க மாட்டாள் என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு அவள் இருபத்து மூணு வயசில், இடுப்பில் குழந்தையோடு, என் மகளை விடச் சின்னவளாகத்தான் வந்தாள். அந்த வயசுப் பெண்ணைப் பார்த்து நான் அம்மா என்று ஏங்கினேன். யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். எனக்கு அது இனிப்பாக இருந்தது. வலித்தது, ஆனாலும் யாரும் எடுத்துவிடக் கூடாது என்று இருந்தது.

டாக்டர் ஹெப்சிபா அதைத்தான் எடுக்க வேண்டும் என்றார்.

"மலருக்கு மாற்று மருந்து இருக்கு ஐயா. ஆனா அதை வேர்லருந்துதான் செய்ய முடியும். முதல்ல தடம் விழுந்தது உங்க மேல. உங்ககிட்டருந்து அதை முழுசா உருவி எடுத்தாத்தான் அவளுக்குச் செய்யலாம். பாதி எடுக்க வராது."

"எடுத்துட்டா எனக்கு என்ன ஆகும்?"

"ஞாபகம் எல்லாம் இருக்கும். பிரியமும் இருக்கும். யாரையாவது பிரிஞ்சிருந்தா மனசு தேடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொன்ன பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

"மூணு மாசம் பொறுக்கலாமா? முதல்ல அவங்களைத் தேடிக் கண்டுபிடிச்சுடுறேன். ஒரு தடவை, இது எங்கிட்ட இருக்கும்போதே பார்த்துடுறேன். அப்புறம் எடுத்துக்குங்க."

"மலர் தாங்கினா சரி" என்றார்.

தாங்கவில்லை. ஒன்பதாம் நாள் மதியம், நான் மலையில் இருக்கும்போது, படியிலேயே விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். முப்பத்தாறு கிலோ இருந்தாள். இனி ஒரு வாரம்கூட இப்படி நிற்க விடக் கூடாது, சிறுநீரகம் கெட்டுவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

வார்டில் படுத்துக்கொண்டு என்னிடம் சண்டை போட்டாள்.

"எனக்கு வேண்டாம்ப்பா. இப்பதான் உனக்கு ஒரு அம்மா கிடைச்சிருக்காங்க. அதைப் புடுங்கி எனக்கு ஊசி போடணுமா?"

"ஆமா."

"ஆமாவாம். அப்புறம் அவங்களைத் தேட உனக்குத் தோணவே தோணாது. தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"தோணாட்டி என்ன? கவ்வாத்துக்குப் போகணும்னு எனக்கு என்னைக்காவது தோணியிருக்கா? நாப்பது வருஷமாப் போறேன்."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, "அப்ப இப்பவே எழுது. தோணும்போதே எழுதிடு" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எனக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். ஏழு மணிக்கே வார்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். எம்பத்து நாலில் தலைமன்னார் துறையில், இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற மஸ்கெலியாப் பக்கத்துத் தாய்க்கு. உங்கள் பையன் பத்திரமாக வந்து சேர்ந்தான். வளர்த்தவர்கள் நன்றாக வளர்த்தார்கள். தினமும் உங்களுக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்காக ஒரு வைத்தியம் செய்கிறார்கள். அதற்குப் பிறகு நான் உங்களைத் தேட மாட்டேன் என்கிறார்கள். அதனால் எல்லாத் தேடலையும் இந்தக் காகிதத்தில் வைக்கிறேன்.

மலர் அதைப் படம் எடுத்து, அக்கரைப் பத்திரிகைகளுக்கும், மஸ்கெலியாப் பக்கத்துக் கோயில்களுக்கும் சர்ச்சுகளுக்கும், அங்கே இதே மெஷின் இருக்கிற ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினாள். என் ரத்தத்தின் விவரத்தையும் சேர்த்து அனுப்பினாள். எழுத்துப் பிழை ஏதாவது திருத்தினாயா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

பத்து மணிக்கு உள்ளே போனேன். வலிக்கவில்லை. வெளியே வந்ததும் பசித்தது, இட்லி சாப்பிட்டேன்.

மலருக்கு ஆறு வாரத்தில் கால் வீக்கம் வடிந்தது. அவள் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், நான் கதவைத் திறந்து உள்ளே வந்ததை அவள் கவனிக்கவே இல்லை. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். மூணாம் மாசம் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்தாள். பஸ் ஏற்றிவிட்டேன். கையை ஆட்டினாள், ஆட்டினேன். பஸ் வளைவில் மறைந்தது. ஒரு தகப்பனுக்கு அங்கே என்னவோ வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். நின்று பார்த்தேன். வரவில்லை. கத்தியைத் தீட்டக் கொடுத்திருந்தேன், அதை வாங்கிக்கொண்டு மலைக்குப் போனேன்.

அஞ்சாம் மாசம் ஞாயிற்றுக்கிழமை. மலர் லீவில் வந்திருந்தாள். அவளுடைய போனில் ஒரு பெண் கூப்பிட்டாள். பதினேழு பதினெட்டு வயசு முகம். பெயர் துஷாந்தினி என்றாள்.

"மாமா, ரத்தம் ஒத்துப்போகுதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அன்னைக்குக் கைக்குழந்தையா இருந்தது எங்கம்மா. இருங்க, அம்மாயிகிட்ட குடுக்கிறேன்."

போன் ஆடி ஆடி, ஒரு கிழவியின் பாதி முகமும் நெற்றியும் தெரிந்தது. திரையை ரொம்பக் கிட்டத்தில் பிடித்திருந்தாள். மலர் என் தோளில் கையை வைத்தாள்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரியும். அவள் இப்போது அழுவாள், நான் என்ன முகத்தோடு உட்கார்ந்திருப்பது என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. அவளை ஏமாற்றக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"கடுதாசியில எழுதியிருந்தேன். எங்கிட்டருந்து அதை எடுத்துட்டாங்க. நான் அழலைன்னு தப்பா நினைக்காதீங்க."

"வாசிச்சுக் காட்டினா இவ" என்றாள். குரல் கரகரப்பாக, சாதாரணமாக இருந்தது. "நீயும் தப்பா நினைக்காத. எனக்கும் எடுத்துட்டாங்கப்பா. ரெண்டு வருஷம் ஆச்சு."

நான் மலரைப் பார்த்தேன்.

"இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாம வாசல்லயே நின்னுச்சு. என்னென்னமோ வைத்தியம் பார்த்தோம். கடைசியில எங்கிட்ட இருக்கிறதை எடுத்தாத்தான் ஆகும்னாங்க. அம்பத்தஞ்சு வருஷம் வச்சிருந்தேன். அதைத்தான் உனக்குன்னு வச்சிருந்தேன். வேற என்ன இருந்துச்சு எங்கிட்ட? பிள்ளைக்குக் குடுத்துட்டேன்."

"நல்லது" என்றேன்.

"நல்லதுதான். இப்ப ஓ எல் பரீட்சை பாஸ் பண்ணிட்டா."

திரையில் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு என் காது. இல்லை, எனக்கு அவள் காது. அதை ஒரு விவரமாகக் கவனித்தேன்.

"உனக்கு வரணும்னு தோணுதா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"எனக்கும் பார்க்கணும்னு தோணல." கொஞ்சம் யோசித்தாள். "ஆனாலும் வந்துட்டுப் போ."

"வர்றேன். கப்பல் இப்ப மறுபடி ஓடுது. புதன்கிழமைக்கு டிக்கெட் போடுறேன்."

"என்ன சமைக்கட்டும்? உனக்கு என்ன புடிக்கும்னு எனக்கு ஞாபகம் இல்ல."

"எனக்கும் தெரியலங்க, அப்ப என்ன புடிச்சதுன்னு."

"சரி. சோறு வடிச்சு வைக்கிறேன்" என்றாள். "மிச்சத்தை நீ வந்து சொல்லு."